சீட்டு, நிதி, வைப்பு: வழக்குச் சொற்களும் சட்டப் பொருண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டின் அன்றாடப் பணப்புழக்கத்தில் சீட்டு, நிதி, வைப்பு ஆகிய மூன்று சொற்கள் பெருவழக்காக உள்ளன. மக்கள் வழக்கில் இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. சட்டமோ இம்மூன்றையும் வெவ்வேறு ஒப்பந்தங்களாகப் பிரித்து, வெவ்வேறு அதிகாரிகளின் கண்காணிப்பில் வைத்துள்ளது. ஒரு குடும்பம் இழந்த பணத்தை எந்த அலுவலகத்தில், எந்தச் சட்டத்தின்படி கேட்கலாம் என்பதை இப்பிரிவே முடிவு செய்கிறது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிகள் சட்டம், 2014ஆம் ஆண்டின் நிதி விதிகள், 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 2019ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு, வழக்குச் சொல்லுக்கும் சட்டப் பொருளுக்கும் உள்ள இடைவெளியை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஏலச்சீட்டு, நகைச்சீட்டு, நிதி நிறுவனம், வைப்பு, வைப்பீட்டாளர் பாதுகாப்பு, சொற்பொருண்மை.

முன்னுரை

பொருளை ஓரிடத்தில் வைத்து அதன் வளர்ச்சியைத் துய்க்கும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. சோழர் காலக் கல்வெட்டுகள் முதலையும் அதன்வழி வரும் வட்டியையும் தெளிவாகப் பிரித்துப் பேசுகின்றன. வட்டியைப் பொலிசை என்ற சொல்லால் அவை குறிக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்து அறக்கொடைகள் ஊர்ச்சபைகளிடம் காசாக ஒப்படைக்கப்பட்டன. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, பொலிசையாகக் கொடுக்க வேண்டும் என்பது அங்கு வரையறுக்கப்பட்டது. பணம் பெற்றவர் யார், கொடுத்தவர் யார், முதல் எவ்வளவு, பொலிசை எவ்வளவு, அது எப்பணிக்கு உரியது என்பவை அனைத்தும் கல்லில் வெட்டப்பட்டன. கொடுக்கல் வாங்கலின் தன்மை ஐயத்திற்கு இடமின்றிப் பதிவாகியிருந்தது.

இன்றைய நிலை வேறு. ஒரே தெருவில் ஒருவர் ‘சீட்டு கட்டுகிறேன்’ என்கிறார். அவர் பணம் கட்டுவது நகைக்கடையில். மற்றொருவரும் ‘சீட்டு கட்டுகிறேன்’ என்கிறார். அவர் கட்டுவது பதிவுபெற்ற ஏலச்சீட்டில். மூன்றாமவர் தீபாவளிக்குப் பட்டாசும் பாத்திரமும் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் மாதந்தோறும் பணம் கொடுக்கிறார், அதுவும் சீட்டுத்தான். மூவர் வாயிலும் சொல் ஒன்றே. ஆயினும் பணம் திரும்பாத நாளில் மூவரும் மூன்று வெவ்வேறு வாயில்களைத் தட்ட வேண்டியவர்கள். எந்த வாயில் தம்முடையது என்று தெரியாமல் அலைவதிலேயே பலருக்குக் காலம் கழிகிறது. சொற்பொருண்மை ஆய்வு இங்கு ஏட்டளவில் நின்றுவிடாமல் வாழ்வோடு தொடர்புடையதாகிறது.

சீட்டு என்னும் சொல்லின் விரிவு

சீட்டு என்பதன் அடிப்படைப் பொருள் எழுதப்பட்ட சிறு தாள் என்பதாகும். கடன் சீட்டு, அடகுச் சீட்டு, மருந்துச் சீட்டு, பயணச் சீட்டு, விளையாட்டுச் சீட்டு என அது பல துறைகளில் வழங்குகிறது. உறுப்பினர் பெயர்களைத் தாளில் எழுதிக் குலுக்கி எடுக்கும் முறை, கூட்டுச் சேமிப்புக்குச் சீட்டு என்ற பெயர் பொருந்தி நிற்பதை விளக்குகிறது. குலுக்கல் சீட்டு, ஏலச்சீட்டு என்னும் இரு வகைகளும் தமிழகம் எங்கும் அறியப்பட்டவை. மலையாளத்தில் இதற்குச் சிட்டி, குறி என்னும் பெயர்கள் உள்ளன.

இத்தொழிலுக்கென்று ஒரு வினைத்தொகுதியும் உருவாகியுள்ளது. சீட்டுப் பிடிப்பவர் அதனை நடத்துபவர். சீட்டுக் கட்டுபவர் தவணை செலுத்துபவர். சீட்டு எடுப்பவர் அம்மாதத் தொகையைப் பெறுபவர். தள்ளி எடுத்தல் என்பது ஏலத்தில் தொகையைக் குறைத்துக் கேட்டுப் பெறுதல். இவ்வினைகள் ஒவ்வொன்றும் சட்டத்தில் ஓர் உரிமையையோ கடமையையோ குறிக்கின்றன. மக்கள் வழக்கு இவ்வகையில் துல்லியமானதே. குழப்பம் தோன்றுவது ‘சீட்டு’ என்ற பெயர்ச்சொல் ஏலமும் குலுக்கலும் இல்லாத வேறு கொடுக்கல் வாங்கல்களுக்கும் பரவியபோதுதான்.

சட்டம் கூறும் சீட்டு

தமிழ்நாட்டில் சீட்டுத் தொழிலை நெறிப்படுத்த 1961ஆம் ஆண்டிலேயே மாநிலச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் நாடு முழுமைக்குமான சீட்டு நிதிகள் சட்டம் 1982ஆம் ஆண்டில் வந்தது. இதன் செல்லுபடியை உச்ச நீதிமன்றம் 1993ஆம் ஆண்டில் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் உறுதி செய்தது. சீட்டு என்பது அடிப்படையில் ஒரு தனிவகை ஒப்பந்தம். ஆகவே ஒப்பந்தங்கள் என்னும் பொதுப்பட்டியல் இனத்தின் கீழ் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் வரையறை நான்கு கூறுகளைக் கொண்டது. முதலாவது, குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள உறுப்பினர்கள். இரண்டாவது, ஒவ்வொருவரும் வரையறுத்த காலம் முழுவதும் தவணைதோறும் குறிப்பிட்ட தொகையைச் செலுத்துதல்; தொகைக்கு ஈடாகத் தானியம் செலுத்தினாலும் அது சீட்டே. மூன்றாவது, குலுக்கல், ஏலம், ஒப்பந்தப்புள்ளி அல்லது உடன்படிக்கையில் கூறிய வேறு முறையால் முறை தீர்மானிக்கப்படுதல். நான்காவது, ஒவ்வோர் உறுப்பினரும் தம் முறையில் சீட்டுத்தொகையைப் பெறும் உரிமை. சீட்டு, சிட்டி, குறி என்றோ வேறு எப்பெயராலோ அழைக்கப்பட்டாலும் இக்கூறுகள் இருந்தால் அது சீட்டு. இல்லையெனில், பெயர் சீட்டாக இருந்தாலும் அது சீட்டன்று.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். இருபது பேர், மாதம் ரூ.5,000 வீதம், இருபது மாதங்கள் கட்டும் ஏலச்சீட்டைக் கொள்வோம். சீட்டுத்தொகை ரூ.1,00,000. ஒரு மாத ஏலத்தில் ஒருவர் ரூ.25,000 தள்ளிக் கேட்டுச் சீட்டை எடுக்கிறார். அவர் பெறுவது ரூ.75,000. தள்ளிய ரூ.25,000இல் நடத்துநரின் கழிவு நூற்றுக்கு ஐந்து என உடன்படிக்கை கூறினால், அது ரூ.5,000 ஆகும். எஞ்சிய ரூ.20,000 இருபது பேருக்கும் பங்கிடப்படுகிறது; ஆளுக்கு ரூ.1,000. ஆகவே அம்மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது ரூ.4,000 மட்டுமே. இருபது பேரிடமிருந்து வந்த ரூ.80,000இல் ரூ.75,000 எடுத்தவருக்கும் ரூ.5,000 நடத்துநருக்கும் சென்றுவிடுகின்றன.

இக்கணக்கில் நோக்கத்தக்கது, நடத்துநரிடம் பணம் தங்குவதில்லை என்பதே. அந்தந்த மாதம் திரண்டது அந்தந்த மாதமே ஓர் உறுப்பினரிடம் செல்கிறது. முன்னதாக எடுத்தவர் கடன் பெற்றவர் போலவும், இறுதியில் எடுப்பவர் சேமித்தவர் போலவும் அமைகின்றனர். ஆதலால் சீட்டின் முதல் இடர்ப்பாடு, எடுத்தவர் பின்னர்க் கட்டாமல் போவது. எடுத்தவர் தவணை தவறினால், மீதித் தவணைகள் அனைத்தையும் ஒரே தொகையாகக் கேட்க நடத்துநருக்கு உரிமை உண்டு. அது தண்டமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் ஓரியண்டல் குரீஸ் வழக்கில் விளக்கியது. இரண்டாவது இடர்ப்பாடு, நடத்துநரே திரட்டிய பணத்தை உரியவருக்குக் கொடாமல் வைத்துக்கொள்வது. இதனைத் தடுக்கவே சட்டத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டுள்ளது.

நடத்துநர் சீட்டைத் தொடங்குமுன் அரசின் முன்னனுமதி பெற்று, அதனைப் பதிவு செய்ய வேண்டும். சட்டம் வரையறுத்த பிணையத்தைப் பதிவாளர் பெயரில் ஒப்படைக்க வேண்டும். எல்லாச் சீட்டுகளுக்கும் உறுப்பினர் சேர்ந்தபின் தொடக்கச் சான்றிதழ் பெற வேண்டும். ஏலத்தில் உறுப்பினர் இருவராவது உடனிருக்க வேண்டும். நடவடிக்கைக் குறிப்பு எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இப்பணிகளைப் பதிவுத்துறை மேற்கொள்கிறது. சீட்டுத் தொடர்பான பூசல்களை உரிமையியல் நீதிமன்றம் விசாரிப்பதில்லை. 64ஆம் பிரிவின்படி பதிவாளரே நடுவராக இருந்து தீர்க்கிறார். இவ்வசதி பதிவுபெற்ற சீட்டின் உறுப்பினருக்கு வாய்த்த பெரும் பயனாகும்.

2019ஆம் ஆண்டின் திருத்தமும் பெயர்ச் சிக்கலும்

2013ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்தில் சாரதா குழுமம் வீழ்ந்தபோது நாளிதழ்கள் அதனைச் சிட் ஃபண்ட் மோசடி என்றே எழுதின. ஆனால் அங்கு ஏலமும் இல்லை, முறைவைத்துத் தொகை பெறும் உறுப்பினர் குழுவும் இல்லை. மக்களிடம் பணம் திரட்டிப் பெருவருவாய் உறுதியளித்த திட்டங்கள் அவை. இந்தியப் பங்குபரிவர்த்தனை வாரியம் அவற்றைக் கூட்டு முதலீட்டுத் திட்டங்களாகவே நோக்கியது. ஆயினும் ‘சிட்’ என்ற பெயருக்கு ஏற்பட்ட களங்கம் பதிவுபெற்ற சீட்டுத் தொழிலையும் தாக்கியது.

இதன் எதிரொலியை 2019ஆம் ஆண்டின் சீட்டு நிதிகள் திருத்தச் சட்டத்தில் காணலாம். சகோதரத்துவ நிதி, சுழல் சேமிப்புக் கடன் அமைப்பு என்னும் பொருள்தரும் மாற்றுப் பெயர்கள் வரையறையில் சேர்க்கப்பட்டன. பரிசுத்தொகை என்ற சொல் பரிசுச்சீட்டை நினைவூட்டியதால் அதற்கு ஈடாக நிகரச் சீட்டுத்தொகை என்பதும், ஈவுத்தொகை என்பதற்கு ஈடாகத் தள்ளுபடிப் பங்கு என்பதும் ஆளப்பட்டன. சட்டமன்றங்கள் பெரும்பாலும் பொருளைத் திருத்தும்; இங்கு நாடாளுமன்றம் சொல்லைத் திருத்தியது. இத்திருத்தம் வேறு மாற்றங்களையும் செய்தது. நடத்துநரின் கழிவு உச்சவரம்பு நூற்றுக்கு ஐந்திலிருந்து ஏழாக உயர்ந்தது. தனிநபர் நடத்தும் சீட்டுகளின் மொத்த வரம்பு ரூ.1 இலட்சத்திலிருந்து ரூ.3 இலட்சமாகவும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பங்காளிகளைக் கொண்ட நிறுவனத்தின் வரம்பு ரூ.6 இலட்சத்திலிருந்து ரூ.18 இலட்சமாகவும் உயர்ந்தன. ஏலத்தில் காணொலி வழியாகக் கலந்துகொள்வதும் ஏற்கப்பட்டது.

தடை செய்யப்பட்ட ஒரு வகையையும் இங்குச் சுட்ட வேண்டும். குலுக்கலில் பெயர் வந்தவர் மேற்கொண்டு தவணை கட்ட வேண்டியதில்லை என்ற உறுதியோடு நடத்தப்படும் பரிசுச் சீட்டுகள் 1978ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. உறுப்பினர் அனைவரும் இறுதிவரை கட்டுவதே சீட்டு. சிலர் மட்டும் கட்டாமல் விலகுவது பரிசுச் சீட்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது போலத் தோன்றினும், ஒன்று ஒப்பந்தமாகவும் மற்றொன்று குற்றமாகவும் கருதப்படுகிறது.

நகைச்சீட்டும் தீபாவளிச் சீட்டும்

நகைக்கடைகளின் மாதச் சேமிப்புத் திட்டத்தை மக்கள் நகைச்சீட்டு என்கின்றனர். பதினொரு மாதம் மாதம் ரூ.5,000 கட்டியவர் ரூ.55,000க்கும், கடை தரும் சலுகைக்கும் உரிய நகையைப் பெறுகிறார். இதில் ஏலம் இல்லை, முறை இல்லை, கட்டுவோர் ஒருவரையொருவர் அறியார். எனவே இது சீட்டு நிதிகள் சட்டம் கூறும் சீட்டன்று. சட்டப்படி இது பொருள் வாங்குவதற்காக முன்கூட்டியே செலுத்தும் முன்பணம்.

திட்டம் பதினொரு மாதத்தோடு நிற்பதற்கும் சட்டக் காரணம் உண்டு. 2014ஆம் ஆண்டின் நிறுமங்களின் வைப்பு ஏற்பு விதிகளின்படி, பொருளுக்காகப் பெறப்பட்ட முன்பணம் 365 நாள்களுக்குள் அப்பொருளுக்கு ஈடுசெய்யப்பட வேண்டும். அக்காலம் கடந்தால் அது வைப்பாகக் கருதப்படும். வைப்புக்குரிய கடுமையான விதிகள் அதனைப் பற்றிக்கொள்ளும். ஆண்டு முடியுமுன் கணக்கை முடிக்கும் வழக்கம் இவ்விதியோடு பொருந்தி நிற்கிறது. கடை மூடப்பட்டால் வாடிக்கையாளர் பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரை அணுகிப் பயனில்லை. சீட்டு என்ற சொல்லை நம்பிச் செல்பவர் அங்கே திருப்பி அனுப்பப்படுவார். 2019ஆம் ஆண்டின் தடைச்சட்டத்தின்படி, வணிக முன்பணம் திருப்பித்தர வேண்டியதாகி, அந்நாளிலிருந்து பதினைந்து நாள்களில் திருப்பித்தரப்படாவிட்டால் அது வைப்பாக மாறிவிடுகிறது. அவ்வாறு மாறியபின் வாடிக்கையாளர் வைப்பீட்டாளர் ஆகிறார். அவருக்குரிய வாயிலும் அதனால் மாறுகிறது.

தீபாவளிச் சீட்டு இன்னும் தெளிவானது. தவணையாகப் பணம் பெற்று, குறித்த நாளில் இனிப்பு, பட்டாசு, பாத்திரம், தங்கக்காசு எனப் பொருளாகத் தருவது அதன் இயல்பு. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் வைப்பு என்பதை ஒரே தொகையாகவோ தவணையாகவோ குறித்த காலத்திற்குக் கொடுத்து, வட்டியாகவோ வேறு வகைப் பயனாகவோ சேவையாகவோ திரும்பப் பெறுவது என விரிவாக வரையறுக்கிறது. எனவே இத்தகைய திட்டம் வழக்கில் சீட்டாக இருந்தாலும் சட்டத்தில் வைப்பாகும் தகுதி உடையது.

நிதி என்னும் சொல்

நிதி என்பது செல்வம், கருவூலம் என்னும் பொருளில் இலக்கியங்களில் வழங்கும் சொல். நிறுமச் சட்டத்தில் அது ஒரு தனிவகை நிறுவனத்தின் பெயர். உறுப்பினர்களிடம் மட்டுமே வைப்புப் பெற்று, உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் கொடுக்கும் பரஸ்பர நன்மைக் கழகமே நிதி நிறுவனமாகும். இவ்வகை நிறுவனங்களின் வளர்ச்சியில் தமிழகத்திற்குத் தனியிடம் உண்டு. 1872ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் அதன் தொன்மைக்குச் சான்று. சென்னை மக்கள் வழக்கில் ‘ஃபண்டு’ என்றாலே நகையீட்டுக் கடனும் உறுப்பினர் வைப்பும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. இந்நிறுவனங்களின் செயற்பாட்டை ஆராய மத்திய அரசு 2000ஆம் ஆண்டில் அமைத்த வல்லுநர் குழுவுக்குத் தமிழக முன்னாள் தலைமைச் செயலர் ப. சபாநாயகம் தலைமை ஏற்றார்.

இன்று 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 406ஆம் பிரிவும் 2014ஆம் ஆண்டின் நிதி விதிகளும் இவற்றை நெறிப்படுத்துகின்றன. நிதி நிறுவனம் தன் பெயரின் இறுதியில் ‘நிதி லிமிடெட்’ என்று குறிக்க வேண்டும். குறைந்தது 200 உறுப்பினர் வேண்டும். நிகரச் சொந்த நிதி குறைந்தது ரூ.10 இலட்சம் என்பது 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ரூ.20 இலட்சமாயிற்று. சொந்த நிதியைப் போல் இருபது மடங்குக்கு மேல் வைப்புப் பெறக்கூடாது. நிலுவை வைப்பில் பத்து விழுக்காட்டை வங்கியில் பற்றின்றி வைத்திருக்க வேண்டும். வைப்புப் பெறுவதற்கு விளம்பரம் செய்யக்கூடாது, தரகு கொடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிதி நிறுவனம் சீட்டு நடத்தக்கூடாது. ஆகவே ‘எங்கள் நிதியில் சீட்டும் உண்டு’ என்னும் வாசகமே விதிமீறலின் ஒப்புதலாகும்.

இங்குள்ள தற்காலச் சிக்கல், பெயரும் தகுதியும் வெவ்வேறாக நிற்பது. ஒரு நிறுமம் நிதி என்ற பெயரில் பதிவாவது ஒன்று. மத்திய அரசால் நிதி என அறிவிக்கப்படுவது மற்றொன்று. அறிவிப்புக்காக என்.டி.எச்-4 என்னும் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 வரை ஆராயப்பட்ட 348 நிறுமங்களின் விண்ணப்பங்களில் ஒன்றுகூட அறிவிப்புக்குரிய தகுதியை நிறைவு செய்யவில்லை என நிறும விவகார அமைச்சகம் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. அதன்பின் வந்த 2022ஆம் ஆண்டுத் திருத்தம், புதிதாகத் தொடங்கும் நிறுவனங்கள் 120 நாள்களுக்குள் உறுப்பினர், சொந்த நிதித் தகுதிகளைப் பெற்று விண்ணப்பிக்க வேண்டும் என்றும், முதலில் அறிவிப்பைப் பெற வேண்டும் என்றும் நெறியை மாற்றியது. பலகையில் உள்ள பெயரைக் கண்டு பணம் கட்டுபவர் கேட்க வேண்டிய வினா, ‘பதிவு உண்டா’ என்பதோடு நிற்கலாகாது. ‘நிதி என்ற அறிவிப்பு உண்டா’ என்பதுவரை செல்ல வேண்டும்.

வங்கி வைப்புக்கு ரூ.5 இலட்சம் வரை உள்ள வைப்புக் காப்பீடு நிதி நிறுவன வைப்புக்கோ சீட்டுக்கோ இல்லை என்பதும் இவ்விடத்தில் நினைவிற்கொள்ளத் தக்கது.

வைப்பும் முதலீடும்

வைப்பு என்பது வை என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். வைத்தவரே மீண்டும் எடுக்கும் உரிமை அச்சொல்லுக்குள்ளேயே உள்ளது. முதலீடு அவ்வாறன்று, முதலை இடுதல் என்பதில் வளர்ச்சியும் உண்டு, இழப்பும் உண்டு. வைப்புப் பெறுபவர் முதலைத் திருப்பித்தரக் கடமைப்பட்டவர். முதலீடு பெறுபவர் தொழிலின் பயனை மட்டுமே பகிரக் கடமைப்பட்டவர். ஆயினும் இதழியல் வழக்கில் வைப்பீட்டாளர் அனைவரும் முதலீட்டாளர் ஆகிவிட்டனர். திட்டம் நடத்துவோரும் ‘முதலீடு’ என்றே பத்திரம் எழுதித் தருகின்றனர். வழக்கு வரும்போது, இது வைப்பன்று, தொழிலில் பங்கு என்று வாதிட அச்சொல் அவர்களுக்கு உதவுகிறது.

நீதிமன்றங்கள் இவ்வாதத்தை எளிதில் ஏற்பதில்லை. 2022ஆம் ஆண்டில் 63 மூன்ஸ் வழக்கில் மகாராஷ்டிரச் சட்டத்தை விளக்கிய உச்ச நீதிமன்றம், வைப்பு என்னும் சொல்லை விரிந்த பொருளில் கொண்டது; பணமோ பொருளோ பெறப்பட்டு, திருப்பித்தரும் கடப்பாடு இருந்தால் அது வைப்பின் எல்லைக்குள் வரும் என்பது அதன் நிலைப்பாடு. 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் அவ்வாறே. முன்பணம், கடன், வேறு எவ்வுருவம் ஆயினும், திருப்பித்தரும் உறுதிமொழியோடு பெறப்பட்டால் அது வைப்பு. வட்டியோ ஊக்கத்தொகையோ இலாபமோ இல்லாவிட்டாலும் அது வைப்பே. பெயரை நோக்காது உறுதிமொழியை நோக்குவதே இவ்விளக்கங்களின் அடிநாதம்.

தமிழ்நாட்டுச் சட்டமும் மத்தியச் சட்டமும்

1990களில் பல தனியார் நிதி நிறுவனங்கள் மிகுவட்டி காட்டிப் பணம் திரட்டி மறைந்தன. அதன் விளைவாகவே தமிழ்நாடு 1997ஆம் ஆண்டில் வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. இச்சட்டப்படி, வைப்பைத் திருப்பித்தரத் தவறிய நிறுவனத்தின் சொத்துகளை அரசு இடைக்கால ஆணையால் பற்றுகை செய்யலாம். தனி நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, விற்று, வைப்பீட்டாளருக்குப் பகிர்ந்தளிக்க ஆணையிடலாம். பொறுப்பானவர்களுக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு புலனாய்வை மேற்கொள்கிறது. சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களில் இதற்கான தனி நீதிமன்றங்கள் உள்ளன.

வங்கி, நிறுமம் ஆகியவை மத்திய அரசுக்குரிய துறைகள். மாநிலம் இதில் தலையிடலாமா என்ற வினா எழுந்தது. 2011ஆம் ஆண்டில் கே.கே. பாஸ்கரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஏமாற்றப்பட்ட எளிய வைப்பீட்டாளரைக் காப்பதே சட்டத்தின் மையநோக்கு. வங்கித் தொழிலை நெறிப்படுத்துவது அன்று என நீதிமன்றம் கருதியது. இதே அடிப்படையில் புதுச்சேரியின் சட்டமும் மகாராஷ்டிரத்தின் சட்டமும் பின்னர்க் காக்கப்பட்டன.

தமிழ்நாட்டுச் சட்டத்தின் மையம் திருப்பித்தரத் தவறுதல். பணம் திரும்பாத பின்னரே அது முழுமையாக விழித்தெழுகிறது. 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இவ்விடத்தில் மாறுபடுகிறது. பட்டியலில் குறிக்கப்பட்ட ஒழுங்குமுறையாளர் எவரின் கண்காணிப்பிலும் இல்லாத வைப்புத் திட்டத்தைத் தொழிலாக நடத்துவதே அச்சட்டத்தில் குற்றம். அழைப்பு விடுத்தலுக்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டும், பணம் பெறுதலுக்கு ஈராண்டு முதல் ஏழாண்டும், பெற்று மோசடியாகத் திருப்பாமைக்கு மூன்றாண்டு முதல் பத்தாண்டும் சிறைத்தண்டனை வரையறுக்கப்பட்டுள்ளது. பதிவுபெற்ற சீட்டும் நிதி நிறுவன வைப்பும் ஒழுங்குமுறைப்படுத்தப்பட்ட திட்டங்களின் பட்டியலில் உள்ளன. ஆகவே பதிவற்ற சீட்டுத் தொழில் ஒரே நேரத்தில் இரு சட்டங்களின் பார்வையில் விழுகிறது. சீட்டு நிதிகள் சட்டத்தின் 76ஆம் பிரிவு ஈராண்டு வரை சிறையோ ரூ.5,000 வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கிறது. அதே செயல் தொழிலாக நடத்தப்பட்டால் மத்தியத் தடைச்சட்டத்தின் கடுந்தண்டனைக்கும் உரியதாகலாம். 1982ஆம் ஆண்டின் சிறு தண்டத்திற்கும் 2019ஆம் ஆண்டின் பெருந்தண்டனைக்கும் இடையிலுள்ள இம்முரண் சட்டமியற்றுவோர் கவனத்திற்குரியது.

‘தொழிலாக’ என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. அண்டை வீட்டுப் பெண்கள் பத்துப்பேர் சேர்ந்து, கழிவு பெறுவோர் எவருமின்றி நடத்தும் குலுக்கல் சீட்டு, தடைச்சட்டத்தின் நோக்கத்திற்குள் எளிதில் வாராது. மகளிர் உதவிக் குழுக்களின் காலமுறைச் சந்தாவுக்கு அச்சட்டமே வரம்புக்குட்பட்ட விலக்கு அளித்துள்ளது. ஆனால் சீட்டு நிதிகள் சட்டத்தின் பதிவுக் கட்டாயம் பரந்தது. மிகச்சிறு சீட்டுகளுக்கான விலக்கு முன்பு ரூ.100 என்றிருந்தது, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை வரையறுக்கும் உரிமையை மாநில அரசிடம் அளித்தது. நட்பின் அடிப்படையில் நடக்கும் சிறு சீட்டைக் குற்றமாக்காமலும், தொழில்முறை ஏமாற்றுக்கு இடந்தராமலும் இவ்வரம்பை அமைப்பது மாநிலங்களின் பொறுப்பாகும்.

முன்னுரிமைச் சிக்கல்

வீழ்ந்த நிறுவனத்தின் சொத்து சிறிதாகவும் உரிமை கோருவோர் பலராகவும் இருக்கும்போது யாருக்கு முதலில் என்ற வினா எழுகிறது. மத்தியத் தடைச்சட்டத்தின் 12ஆம் பிரிவு வைப்பீட்டாளருக்கு முன்னுரிமை தருகிறது. அரசுக்குச் சேர வேண்டிய வரியைவிடவும் அவர்களின் பங்கு முந்தியது. ஆனால் பிணைச்சொத்து மீட்புக்கான 2002ஆம் ஆண்டுச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் நெறித்தொகுப்பும் இம்முன்னுரிமையிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. எனவே நிறுவனத்தின் கட்டடத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்த வங்கி முன்நிற்கும். சிறுகச் சிறுகச் சேமித்தவர் பின்நிற்பார். சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும் இடம் இது.

மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம் இரண்டும் ஒருசேரப் பொருந்தும் வழக்குகளில், எதன்படி பற்றுகை செய்வது என்பதும் காலத்தாழ்வுக்குக் காரணமாகிறது. மத்தியச் சட்டம் தனக்கு மேலாண்மை உண்டு என்கிறது. பிற சட்டங்களுக்குக் கூடுதலாகவே தான் இயங்குவதாகவும் கூறுகிறது. இவ்விரு கூற்றுகளையும் இசைவித்து, ஒரே சொத்தின் மேல் ஒரே அதிகாரியின் ஆணை செல்லும் வண்ணம் நெறிமுறை அமைந்தால் பகிர்வு விரைவாகும்.

சட்டத்தமிழின் கடமை

சட்டம் சில சொற்களுக்குக் காவல் வைத்துள்ளது. வங்கித் தொழில் செய்யாதவர் வங்கி என்ற சொல்லைத் தம் பெயரில் சேர்க்க வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சீட்டு நடத்துபவர் சிட், சிட் ஃபண்ட், சிட்டி, குறி முதலியவற்றுள் ஒன்றைத் தம் பெயரில் கொள்ள வேண்டும். பிறர் கொள்ளக்கூடாது என்பது சீட்டு நிதிகள் சட்டத்தின் 11ஆம் பிரிவு. இப்பட்டியலில் மலையாளத்தின் குறி உண்டு; தமிழின் சீட்டு அவ்வுருவில் இல்லை. திட்டங்களின் பெயராகவும் விளம்பரச் சொல்லாகவும் சீட்டு என்பது கட்டின்றிப் பரவ இவ்விடைவெளி இடமளிக்கிறது.

மேலும், ஒரே சட்டத்தைத் தமிழில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்றும் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்றும் இருவகையாக வழங்குகிறோம். அதன் சட்டப்பொருள் வைப்பீட்டாளரையே குறிக்கிறது. கலைச்சொல்லாக்கத்தில் இவ்வேறுபாட்டைப் பேணுவது தமிழ்த்துறைகளும் சட்டத்துறையும் இணைந்து செய்யத்தக்க பணி. பாடநூல்களிலும் அரசு விளம்பரங்களிலும் சீட்டு, முன்பணம், வைப்பு, முதலீடு ஆகிய நான்கும் வேறுபடுத்தி ஆளப்பட்டால், மக்கள் கேட்கும் வினாக்களும் கூர்மை பெறும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஏலமோ குலுக்கலோ உள்ளதும், உறுப்பினர் அனைவரும் இறுதிவரை கட்டுவதும், பதிவுபெற்றதுமான திட்டமே சட்டப்படி முறையான சீட்டு. அதன் பூசல்களுக்குப் பதிவாளரே நடுவர். நகைச்சீட்டு முன்பணம், காலம் கடந்தால் வைப்பு. தீபாவளிச் சீட்டு வைப்பின் இயல்பினது. நிதி என்ற பெயர் தகுதிக்குச் சான்றாகாது. மத்திய அரசின் அறிவிப்பே சான்று. திருப்பித்தரும் உறுதிமொழியோடு பெறப்பட்ட பணம் எப்பெயர் பூண்டாலும் வைப்பே.

எனவே பணம் கட்டுமுன் ஒருவர் கேட்க வேண்டியவை மூன்று: இப்பணம் யாரிடம் தங்குகிறது, எந்த அதிகாரி இதனைக் கண்காணிக்கிறார், அவரது பதிவெண்ணோ அறிவிப்போ எங்கே உள்ளது. சோழர் காலத்து ஊர்ச்சபை பெற்ற காசின் விவரம் கோயிற்சுவரில் எவரும் காண நின்றது. இன்று அவ்விவரம் பதிவுத்துறை, நிறும விவகார அமைச்சகம், ரிசர்வ் வங்கி ஆகியவற்றின் பதிவேடுகளில் பிரிந்து கிடக்கிறது. வைப்புப் பெறுவோர் பற்றிய பொதுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்க மத்தியத் தடைச்சட்டத்தின் 9ஆம் பிரிவு வழிவகுத்துள்ளது. அத்தரவு எளிய தமிழில், உரிய கலைச்சொற்களோடு மக்கள் கைக்கு எட்டுமாயின், இழந்த பின் நீதிமன்றத்தை நாடும் நிலை பெரிதும் குறையும்.